கோப்பைகள் தெளிவாக இருந்தன

சூளைக்காரம்மாவின் முகத்தைக் காணவில்லை.

முகம் மறைந்துவிடவில்லை. நெற்றி, மூக்கு, தலையில் கட்டிய துணி எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. எது எங்கே முடிகிறது என்றுதான் சொல்ல முடியவில்லை. திரையில் அவர் எண்ணெய் ஊறிய காகிதத்துக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறவர் மாதிரி இருந்தார். அவருக்குப் பின்னால் மரத்தட்டுகளில் கவிழ்த்து அடுக்கியிருந்த பீங்கான் கோப்பைகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. ஒரு கோப்பையின் கைப்பிடியில் மயிரிழை போல ஒரு விரிசல். அதுகூடத் தெரிந்தது.

எடிட்டர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கோப்பை தெளிவு. முகம் கலங்கல்.

நேற்றுவரை இந்த முகத்தோடுதான் அவள் குடித்தனம் நடத்தினாள். சூளைக்காரம்மா சிரிப்பதற்கு முன்னால் இடது புருவம் தானாக மேலே போகும் என்பதுவரை தெரியும். அந்தப் புருவத்தை நம்பித்தான் படத்தின் கடைசிக் காட்சியையே அமைத்திருந்தாள். இன்றைக்கு அந்தப் புருவம் இருந்த இடத்தில் ஒரு பழுப்புத் தீற்றல்.

அவள் எடிட்டர், அவள் புருஷன் கேமராக்காரர், கொழுந்தனுக்கு இரண்டாவது கேமரா. இதுதான் மொத்த நிறுவனம். வீட்டின் பின்னறை எடிட்டிங் அறை. மழைக்காலத்தில் அதுவே துணி காயும் அறை. அன்றைக்கும் காலையிலிருந்து மழை. தலைக்கு மேலே கொடியில் கொழுந்தனின் சட்டைகள் தொங்கின. கம்ப்யூட்டரின் காற்றாடி விடும் சூட்டில் அவை காய்ந்துவிடும் என்பது அவன் கண்டுபிடிப்பு.

சூளைக்காரம்மா வேலை செய்யும் பீங்கான் தொழிற்சாலையைப் பற்றிய அந்தப் படம் ஒரு தொலைக்காட்சிக்காக எடுத்தது. இத்தனை வருஷம் ஆட்கள் வீட்டு விசேஷம், கடை விளம்பரம் என்று ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. இந்த வாரக் கடைசியில் கொடுத்தாக வேண்டும். படம் மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தார்கள். அப்போது கேமராக்காரர் சிரித்தார். “மங்கலாவா? என் கேமராவுலயா?”

அந்தப் பேச்சில் பெருமை இருந்தது. பொய் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

எடிட்டர் வேலை செய்யும் முறையைச் சொன்னால்தான் இந்தச் சிக்கல் புரியும். அவளிடம் கேட்டால் சலிக்காமல் சொல்வாள். கேமரா எடுத்துத் தரும் ஒரிஜினல் படம் யானை. அதைக் கம்ப்யூட்டருக்குள் நடக்க வைத்தால் அடிக்கு அடி நின்று நின்று போகும். அதனால் ஒவ்வொரு ஒரிஜினலுக்கும் அகலத்தில் கால், உயரத்தில் கால் என்று ஒரு சின்னப் பிரதி எடுத்துக்கொள்வாள். வெட்டுவது, ஒட்டுவது, முன்னே பின்னே மாற்றுவது எல்லாம் அந்தச் சின்னதில்தான். அதற்கு ஆஃப்லைன் என்று பெயர். எல்லாம் முடிவான பிறகு, ஒவ்வொரு சின்னத் துண்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதனுடைய ஒரிஜினலை உட்கார வைப்பாள். அது ஆன்லைன். எந்த ஒரிஜினலில் எந்த நொடி என்பதைப் படத்தோடு சேர்ந்து ஓடும் டைம்கோட் எண் சொல்லிவிடும். “தையல்காரர் முதல்ல பேப்பர்ல வெட்டிப் பாக்கறாரு இல்லையா, அந்த மாதிரி. பேப்பர் கிழிஞ்சா போகட்டும். துணி கிழியக் கூடாது” என்பாள்.

கொழுந்தனுக்கு இது பிடிக்காது. “அதெல்லாம் பழைய காலம் அண்ணி. புதுக் கம்ப்யூட்டர் வாங்கினது எதுக்கு? நேரா ஒரிஜினல்லயே வெட்டுங்க. பல் தேய்க்கறதுக்குப் பொம்மை பிரஷ்ல ஒத்திகை பாக்கறவங்க நீங்க” என்று படம் தொடங்கும்போதே சண்டைக்கு வந்தான். வழக்கமாக இந்தச் சண்டையில் கேமராக்காரர் தலையிட மாட்டார். எடிட்டிங் அறைக்குள் வந்தால் டீ டம்ளரை எடுக்கத்தான் வருவார். இந்த முறை வாசலில் நின்று, “சின்னப் படத்துலயே பண்ணட்டும்டா. அண்ணிக்குப் பழகினது” என்றார். அவள் அசந்துபோனாள். தன் பக்கம் பேசுகிறாரே என்று அன்றைக்கு அவருக்கு இரண்டு முட்டை போட்டு ஆம்லெட் ஊற்றிக் கொடுத்தாள்.

இப்போது அவள் முதலில் சந்தேகப்பட்டது டைம்கோட்டை. வேறு ஏதோ ஒரிஜினல் வந்து உட்கார்ந்துவிட்டதோ? எண்ணைப் பார்த்தாள். அதே எண். சின்னப் படத்தில் எந்த நொடியில் கண் சிமிட்டினாரோ, பெரிய படத்திலும் அந்த நொடியில்தான் சிமிட்டினார். அதாவது, சிமிட்டுகிற மாதிரி ஏதோ அசைந்தது.

காப்பி எடுக்கும்போது கெட்டுப்போனதோ என்று இன்னொரு ஹார்ட் டிஸ்கிலிருந்து அதே துண்டைத் திறந்தாள். அதிலும் அப்படித்தான்.

மானிட்டரா? மானிட்டர் கெட்டால் கோப்பையும்தானே கெடும்.

“தம்பி! இங்க வா.”

கொழுந்தன் கையில் ஜாம் தடவிய ரொட்டியோடு வந்தான். திரையைப் பார்த்தான். ரொட்டி வாய்க்குப் போகாமல் நின்றது.

“என்ன அண்ணி இது?”

“அதைத்தான் நான் கேக்கறேன்.”

“ஃபோகஸ் பின்னாடி போயிருக்கு.”

“அது தெரியுது. நேத்துவரைக்கும் ஏன் தெரியல?”

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே விடை கிடைத்துவிட்டது. ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று புரிந்துவிட்டால் எந்தத் துக்கத்திலும் அவளுக்கு உள்ளே ஒரு விளக்கு எரியும். “மூணு நாலு புள்ளி அகலத்துக்குக் கலங்கி இருக்கு, பாரு. சின்னப் பிரதியில நாலு புள்ளி ஒரே புள்ளியா சுருங்கிடும். கலங்கலும் அதுக்குள்ள சுருங்கிப்போச்சு. மாடியில இருந்து பாத்தா தெருவுல போறவன் சட்டையில கறை தெரியுமா? சுத்தமாத்தான் இருக்கும். கிட்ட வந்தாத்தான்…”

விளக்கு அதோடு அணைந்தது. அவள் மளமளவென்று மற்ற துண்டுகளைத் திறந்தாள்.

மண் பிசைபவர்: முகம் கலங்கல், பின்னால் சுவரில் தொங்கிய சாவிக்கொத்து தெளிவு. சாயம் தீட்டும் பெண்கள் வரிசையில் பேசுகிறவள் கலங்கல். அவளுக்குப் பின்னால் குனிந்திருந்தவளின் காதுத் தோடு மின்னியது. கேமராக்காரர் எடுத்த முகங்கள் அத்தனையும் அப்படியே. கொழுந்தன் எடுத்தவற்றில் ஒரு குறையும் இல்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மழை ஜன்னல் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

“லென்ஸ்தான்,” என்றான் கொழுந்தன் அவசரமாக. “கீழ விழுந்து ரிப்பேருக்குப் போய்ட்டு வந்துச்சே, அது. கண்டிப்பா லென்ஸ்தான் அண்ணி.”

“போட்டுப் பாத்துடலாம்.”

சாப்பாட்டு மேஜையில் பிஸ்கட் டப்பா, உப்பு டப்பா, சர்க்கரை டப்பா என்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வைத்தார்கள். கேமராவில் அந்த லென்ஸை மாட்டி, கொழுந்தன் திரையைப் பார்த்தபடி ஃபோகஸ் வளையத்தைத் திருகினான். உப்பு டப்பாவின் எழுத்து கத்தி மாதிரி வந்தது. சர்க்கரைக்குத் திருகினால் சர்க்கரை. பிஸ்கட்டுக்குத் திருகினால் பிஸ்கட்.

“லென்ஸ் நல்லாத்தான் இருக்கு,” என்றாள் எடிட்டர்.

கொழுந்தன் வளையத்தையே குனிந்து பார்த்தான். அதில் தூரத்தைக் குறிக்கும் கோடுகள், நகத்துக்குத் தட்டுப்படும்படி செதுக்கியிருக்கும். கேமராவிலிருந்து உப்பு டப்பாவரை டேப்பை நீட்டி அளந்தான். வளையத்தின் கோட்டைப் பார்த்தான். மறுபடி அளந்தான்.

“அண்ணி, கோடு தள்ளி இருக்கு. ரிப்பேர்காரன் வளையத்தைக் கழட்டி மாட்டினப்ப நகர்ந்திருக்கு. கோட்டை நம்பி வச்சா ஃபோகஸ் ஒரு முழம் பின்னால விழும்.” அவன் முகம் மலர்ந்தது. “அப்பாடா! அண்ணன் மேல தப்பில்ல.”

அவள் மலரவில்லை. அவள் மனம் ஒரு படி தாண்டிப் போய்விட்டிருந்தது.

“தம்பி, நீ எப்படி ஃபோகஸ் வைப்ப?”

“மானிட்டரைப் பாத்து. கண்ணால.”

“கோட்டைப் பாப்பியா?”

“எதுக்கு? கண்ணுதான் இருக்கே.”

சொல்லிவிட்டு அவன் வளையத்திலிருந்து கையை எடுத்தான்.

கண்ணால் பார்த்து வைக்கிறவர் தப்புச் செய்தால் சில நேரம் முன்னால் விழும், சில நேரம் பின்னால். எல்லா முகத்திலும், எல்லா நாளும், ஒரே பக்கம், ஒரே அளவு தவறுகிறது என்றால் அவர் பார்க்கவே இல்லை. அளந்திருக்கிறார். அளந்த எண்ணைக் கோட்டில் வைத்திருக்கிறார். கோடு பொய் சொன்னது. அது பொய் சொல்கிறது என்பதைத் திரையில் பார்க்க அவரால் முடியவில்லை.

“டேப்,” என்றான் கொழுந்தன் மெதுவாக. “ஆள் மூக்குக்கும் லென்ஸுக்கும் நடுவுல டேப் பிடிச்சுக்கிட்டே இருப்பாரு. நம்பரை என்னைப் படிக்கச் சொல்வாரு. பெரிய சினிமாவுல இப்படித்தான் அளப்பாங்கன்னு சொன்னாரு. நான் அதை ஸ்டைல்னு நினைச்சேன் அண்ணி. ஒரு தடவை போட்டோ வேற எடுத்தேன்.”

அவளும் வேறு சிலவற்றை நினைத்துக்கொண்டிருந்தாள். வண்டியை விட்டுவிட்டு நடந்தே போகிறார், உடம்புக்கு நல்லதாம். பேப்பரை அவளையே படிக்கச் சொல்கிறார். உன் குரலில் கேட்டால் செய்தி நல்லாயிருக்காம். அவள் அதைக் கொஞ்சல் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது.

“என்ன, மேஜையில கடை போட்டிருக்கீங்க?” கேமராக்காரர் நனைந்த கால்சட்டையோடு உள்ளே வந்தார். கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம். “மழை பிச்சு உதறுது. ரொட்டி நனையாம கொண்டுவந்தேன், ஆள்தான் நனைஞ்சிட்டேன். டீ இருக்கா?”

“இருக்கு. அதுக்கு முன்னாடி இங்க வாங்க. ஒரிஜினல் ஏத்திட்டேன். ஒரு தடவை பாருங்க.”

கொழுந்தன் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் கவனிக்காதது போல் சூளைக்காரம்மாவைத் திரை முழுவதும் நிறுத்தினாள். ‘உள்ள என்ன ஆச்சுன்னு நடுவுல திறந்து பாக்க முடியாதுங்க,’ என்றது அந்தக் கலங்கல். ‘ஆறுறவரைக்கும் காத்திருக்கணும். திறந்தாத்தான் தெரியும், எது வெடிச்சிருக்குன்னு.’

கேமராக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முகம் கனிந்தது.

“அடேயப்பா! சூளை வெளிச்சம் கன்னத்துல எப்படி விழுது பாத்தியா? இதுக்குத்தான் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தேன். நல்லா வந்திருக்குடி.”

இந்த மனிதர்தான் ஒரு காலத்தில் பக்கத்து வீட்டு டிவியை ஜன்னல் வழியாகப் பார்த்து, ஃபோகஸ் தப்பு என்று சொல்லிச் சாப்பிடாமல் எழுந்தவர்.

“முகம் தெளிவா இருக்காங்க?”

“ஏன் கேக்கற?”

“சும்மாதான். சொல்லுங்க.”

“இருக்கே.”

அவள் திரையை இரண்டாகப் பிரித்தாள். மண் பிசைபவர் பேசும் ஒரே கணம். இடப்பக்கம் கேமராக்காரர் எடுத்தது, வலப்பக்கம் கொழுந்தன் எடுத்ததில் முகத்தை மட்டும் பெரிதாக்கியது. ஒன்றில் மீசை ஒரு கறை. இன்னொன்றில் ஒவ்வொரு முடியும் தனித்தனி.

“எது ஷார்ப்?”

அவர் முன்னால் குனிந்தார். தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்ப்பவர் போலப் பார்த்தார். வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

“இது,” என்று மீசை கறையாக இருந்த படத்தில் விரலை வைத்தார்.

“அண்ணே!” என்றான் கொழுந்தன். குரல் உடைந்துபோயிருந்தது.

தப்பான படத்தைத் தொட்டுவிட்டோம் என்று அந்தக் குரலில்தான் அவருக்குத் தெரிந்தது. விரல் திரையிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டார்.

“எத்தனை நாளா?” என்றாள் அவள்.

அவர் துணிக்கொடிக்குக் கீழே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு சட்டைக் கை அவர் தலையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. அதைத் தள்ளிவிடவும் இல்லை.

“போன மழைக்கு முன்னாடி. முதல்ல கோடெல்லாம் வளைஞ்சு தெரிஞ்சுது. கதவு நிலை, ஜன்னல் கம்பி எல்லாம். அப்புறம் நடுவுல ஒரு கறை. யார் மூஞ்சியப் பாத்தாலும் மூஞ்சி இருக்கற இடத்துல அந்தக் கறை உக்காந்துக்குது. சுத்தி எல்லாம் தெரியுது. உன் வளையல் தெரியுது. உன் மூஞ்சிதான்…”

“டாக்டர்கிட்ட போனீங்களா?”

“போய்? இனிமே கேமராவைத் தொடாதேன்னு அவர் வாயால கேக்கணுமா?”

“அதுக்காக எங்ககிட்டகூட மறைப்பீங்களா? ரோட்டுல எப்படிப் போனீங்க? பஸ் நம்பர் எப்படித் தெரிஞ்சுது?”

“கேப்பேன். படிக்கத் தெரியாதவன்னு நினைச்சிருப்பாங்க.” சிரிக்கப் பார்த்தார்.

“அப்ப சின்னப் படத்துலயே பண்ணுன்னு எனக்காகப் பேசினது…”

அவர் தரையைப் பார்த்தார். “உனக்காகத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சின்னப் படத்துல பாத்தா உங்க எல்லாருக்கும் என் கண்ணு மாதிரியே ஆயிடும்ல. அதுல நானும் நீங்களும் ஒண்ணு.”

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். டீ கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள்தான் அந்தச் சின்னப் படத்தை நம்பினாள். தன் முறையைப் பற்றிப் பெருமை பேசினாள். எடுத்த அன்றே ஒரே ஒரு துண்டை முழு அளவில் பார்த்திருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போயிருக்கலாம்.

பின்னறையில் கொழுந்தன் ஏதேதோ செய்துகொண்டிருந்தான். “ஷார்ப்பன் போட்டுப் பாக்கறேன் அண்ணி,” என்று கத்தினான். கொஞ்ச நேரம் கழித்து, “ஓரத்துல வெள்ளைக் கோடுதான் வருது, புருவம் வரல,” என்றான்.

“கேமராவுக்குள்ள போகாத புருவம் எங்கேர்ந்து வரும்?” என்று இங்கிருந்தே சொன்னாள். சொன்னதும் ஒன்று உறைத்தது. டம்ளர்களைப் போட்டது போட்டபடி பின்னறைக்கு ஓடினாள்.

“மண் பிசையறவர் மீசை எப்படி ஒவ்வொரு முடியா வந்துச்சு?”

“எப்ப?”

“இப்பத்தான். நீ தள்ளி நின்னு எடுத்த படம். அதுல மூஞ்சியைப் பெரிசாக்கினேன். அப்பவே புள்ளி புள்ளியா உடைஞ்சிருக்கணுமே.”

கொழுந்தன் காதைச் சொறிந்தான்.

“நாலு மடங்கு அளவுல எடுத்தியா? டிஸ்க் நிறையும், வேண்டாம்னு சொன்னேன் இல்ல?”

“சொன்னீங்க. உங்க சின்னப் படத்து மேல இருந்த கோவத்துல எடுத்தேன் அண்ணி. என் ஒரிஜினலாவது பெரிசா இருக்கட்டும்னு.”

“அடப்பாவி,” என்றாள் அவள். அந்த வீட்டில் அன்று முதல் முறையாக அவள் குரலில் உயிர் வந்தது. “தொலைக்காட்சிக்கு வேணுங்கறதைவிட அகலத்துல ரெண்டு பங்கு, உயரத்துல ரெண்டு பங்கு வச்சிருக்க. அதுல கால்வாசியை வெட்டி எடுத்தாலும் அவங்க கேக்கற அளவு முழுசா இருக்கும். ஒரு புள்ளி குறையாது. ரெண்டு கேமராவுக்கும் காலையில ஒரே டைம்கோட் வச்சீங்கதானே?”

“தினமும் வச்சோம். அண்ணன் விடமாட்டாரு.”

“அப்ப என் வெட்டு எதையும் தொட வேண்டாம். எந்த நொடியில எந்த முகம்னு டைம்லைன்ல எழுதியாச்சு. படத்தை மட்டும் மாத்தினாப் போதும்.”

ஸ்டூலிலிருந்து கேமராக்காரர் நிமிர்ந்தார். “சூளைக்காரம்மா?” என்றார். “சூளைகிட்ட இடம் இல்ல. அங்க என் கேமரா ஒண்ணுதான் இருந்துச்சு.”

“அவங்களைத் திரும்ப எடுத்துக்கலாம். முதல்ல கண் டாக்டர்,” என்றாள் அவள்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே மூவரும் கண் மருத்துவரிடம் போனார்கள். விழிகளை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்த அந்த அம்மாள், திட்டாமல் சொன்னதுதான் எடிட்டருக்கு வலித்தது. இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டிருந்தது. போனது திரும்பாது. ஊசி போட்டால் மேற்கொண்டு பரவாமல் நிறுத்தப் பார்க்கலாம்.

“முன்னாடியே வந்திருந்தா?” என்று கேட்டாள்.

“இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்.”

கொழுந்தன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கேமராக்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “ஓரத்துல தெரியறது போகாதுல்ல?”

“அது பெரும்பாலும் போகாது. சுத்தி இருக்கறது தெரியும். வெளிச்சம் தெரியும், அசைவு தெரியும். நுணுக்கம்தான் தெரியாது.”

வெளியே வந்து நடைபாதைக் கடையில் டீ வாங்கிக்கொண்டார்கள். மருந்தில் விரிந்த கண்கள் வெயிலில் கூசின. அவர் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு நின்றார். எடிட்டர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவளுக்கு அழுகையும் வந்தது. கூடவே, வெட்கமில்லாமல், உள்ளே அந்த விளக்கும் எரியத் தொடங்கியது.

“ஃப்ரேம் பாக்கறது எதுங்க? ஓரம்தானே?” என்றாள். “எது உள்ள வரணும், எது வெளிய நிக்கணும், எங்க வெளிச்சம், யாரு அசையறாங்க. அதெல்லாம் உங்க கண்ணுல இருக்கு. ஃபோகஸ் மட்டும்தான் நடுவுல. அது தம்பிகிட்ட இருக்கு.”

“தம்பி கைய நம்பி நான் படம் எடுக்கணுமா?”

“ஏன், இத்தனை நாள் ரிப்பேர்காரன் கோட்டை நம்பித்தானே எடுத்தே?” என்றான் கொழுந்தன். வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கேமராக்காரர் அவனையே பார்த்தார், தலையை லேசாகச் சாய்த்து. பிறகு தோளில் பட்டென்று ஒன்று வைத்தார். “வாய்டா உனக்கு. டீக்குக் காசு நீ குடு.”

அன்று மத்தியானம் அவர் கண் தெளிந்ததும் தொழிற்சாலைக்குப் போனார்கள். சூளைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். “மறுபடியுமா? அன்னைக்கு என்ன சொன்னேன்னே மறந்துபோச்சேப்பா. அதையேவா சொல்லணும்?”

“தோணறதைச் சொல்லுங்கம்மா,” என்றாள் எடிட்டர். “அன்னைக்கு உங்களைவிட உங்க கோப்பைதான் நல்லா தெரிஞ்சுது.”

“அது நான் செஞ்ச கோப்பை. தெரியத்தான் செய்யும்,” என்றார் அந்த அம்மாள். சொல்லும் முன்பே இடது புருவம் மேலே போயிற்று.

கேமராக்காரர் இடத்தைச் சுற்றி வந்தார். கேமராவை ஓரடி இடப்பக்கம் நகர்த்தச் சொன்னார். பின்னாலிருந்த ஒரு தட்டை எடுக்கச் சொன்னார். சூளைக் கதவைக் கையகலம் திறக்கச் சொன்னார். சிவந்த வெளிச்சம் கன்னத்தில் வந்து உட்கார்ந்ததும் கையை உயர்த்தினார். டேப் பையிலேயே கிடந்தது. பக்கத்தில் கொழுந்தன் மானிட்டரில் கண்ணை வைத்து வளையத்தைப் பிடித்திருந்தான்.

படம் அந்த வாரமே போய்ச் சேர்ந்தது, திரும்பி வரவில்லை. அதன்பிறகு அந்த வீட்டில் வேலை இப்படித்தான் நடக்கிறது. ஃப்ரேம் அண்ணன் பார்க்கிறார், ஃபோகஸ் தம்பி பார்க்கிறான். அன்றன்றைக்கு எடுத்ததை அன்றன்றைக்கே எடிட்டர் முழு அளவில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுகிறாள். அதன் பிறகுதான் சின்னப் பிரதி. வெட்டுவது சின்னதில், கொடுப்பது பெரியதில். ஒவ்வொரு முறையும் கேமராவை ஓட விடுவதற்கு முன்னால் கேமராக்காரர், யார் எதிரில் நின்றாலும், சத்தமாகக் கேட்கிறார்:

“எனக்குத் தெரியல. ஷார்ப்பா இருக்கா?”

தம்பி பார்த்துச் சொல்கிறான்.